லாபம் முதல் பதினேழு வரை

என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில், "கணினி மாடல் உரிய முறையில் சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு வரி வரும். தேர்வாளர்கள் யாரும் அந்த வரியில் நிற்கவில்லை. புரட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஆறு வாரங்கள் கிடக்கின்றன. அதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

சங்கரன்கோவிலில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். வயது நாற்பத்தொன்று. பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, ஒன்றுக்கு இரண்டு தடவை காலநீட்டிப்பும் வாங்கியாயிற்று. இரண்டாவது நீட்டிப்புக் கடிதத்தில் 'இதுவே கடைசி' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். பங்குனி முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பதிவு ரத்தானால் ஜூனில் எனக்கு வேலையும் இல்லை. பட்டம் இல்லாதவர்களை இனிமேல் வைத்துக்கொள்வதில்லை என்று கல்லூரி நிர்வாகம் சொல்லிவிட்டது. கோபமாகச் சொல்லவில்லை. உட்கார வைத்து டீ கொடுத்துத்தான் சொன்னார்கள்.

ஆய்வு கரிசல் மண்ணைப் பற்றியது. குருவிகுளம் பக்கம் என் அண்ணனுக்கு மானாவாரி நிலம் இருக்கிறது. கோடையில் அந்த மண் பாளம் பாளமாக வெடிக்கும். புரட்டாசி கழிந்து முதல் மழை கொட்டும்போது தண்ணீர் ஓடாது, வெடிப்புக்குள் இறங்கிவிடும். நாலைந்து மழைக்குப் பிறகு மண் ஊறி வெடிப்பு மூடிக்கொண்டால்தான் வரப்போரமாக ஓடி ஓடைக்குப் போகும். இதைக் கண்டுபிடிக்க முனைவர் பட்டம் தேவையில்லை. எவ்வளவு இறங்குகிறது, எப்போது நிற்கிறது என்று எண்ணில் சொல்லத்தான் தேவை. அதற்காக வயலில் ஒரு சிறு பாத்தியை வரப்புக் கட்டித் தனியாக்கினேன். தாழ்ந்த மூலையில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மைப் புதைத்து, ஓடி வரும் தண்ணீர் குழாய் வழியாக அதில் விழும்படி செய்து, மூன்று வருஷம் அளந்தேன். மூன்று வருஷமும் முதல் மழைக்கு டிரம் காலி.

மண்ணுக்குள் தண்ணீர் போகும் விதத்தைக் கணக்கிட ஒரு மாடல் இருக்கிறது. வெளிநாட்டு விஞ்ஞானிகள் பலர் பல வருஷமாக எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம். இலவசமாகவே கிடைக்கும். மழை, வெயில், மண்ணின் தன்மை எல்லாவற்றையும் எண்ணாகக் கொடுத்தால், இவ்வளவு உள்ளே இறங்கியது, இவ்வளவு ஓடியது என்று சொல்லும். அதில் வெடிப்பு கிடையாது. எழுதியவர்கள் ஊரில் மண் வெடிப்பதில்லை போலிருக்கிறது. என் பாத்தியின் முதல் மழையைக் கொடுத்தால், டிரம் நிரம்பி வழிந்திருக்க வேண்டும் என்று அது சாதித்தது.

தயாராகக் கிடைக்கும் புரோகிராமில் நாம் கைவைக்க முடியாது. அதை எழுதிய மூல வரிகளை, சோர்ஸ் கோடு என்பார்கள், இறக்கிக்கொள்ள வேண்டும். அதற்குள் வெடிப்புக்கான வரிகளை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். பிறகு கம்பைலர் என்கிற இன்னொரு புரோகிராமிடம் கொடுத்தால், அது எல்லாவற்றையும் சேர்த்து நமக்கென்று ஒரு புரோகிராமைச் செய்து தரும். இதை என் வீட்டுக்காரரிடம் அரை மணி நேரம் விளக்கினேன். அவர் உளுந்து, பாசிப்பயறு மொத்த வியாபாரம் செய்கிறார். கீழே கடையும் மூட்டை அடுக்கும் கிட்டங்கியும், மாடியில் வீடு.

"ரெடிமேடு சட்டை சேரல. துணி எடுத்து அளவு குடுத்துத் தைக்கப் போற. அதானே?" என்றார்.

அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கலாம் என்று தோன்றியது.

சோர்ஸ் கோடோடு வந்த குறிப்பில், கம்பைல் செய்வது எளிது என்று எழுதியிருந்தது. அதை எழுதியவரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. முதல் தடவை கொடுத்தபோது கம்பைலர் நானூற்றுச் சொச்சம் பிழைகளைக் கொட்டியது. முதல் பிழையை மட்டும் பார்க்க வேண்டும், மற்றதெல்லாம் அதன் பிள்ளைகுட்டிகள் என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. மாடலின் வரிகள் நான் பிறப்பதற்கு முன்னால் எழுதத் தொடங்கியவை. கம்பைலரோ போன வருஷத்தது. அந்தக் காலத்து ஆட்கள் வரிகளை எழுதியிருந்த சுதந்திரம் அதற்குப் பிடிக்கவில்லை. 'பழைய பழக்கங்களைப் பொறுத்துக்கொண்டு போ' என்று கம்பைலருக்குச் சொல்ல ஒரு தனிக் கட்டளை இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. எனக்குக் கல்யாணமான புதிதில் இதையே நாலு பேர் வந்து இலவசமாகச் சொன்னார்கள்.

ஏழாம் நாள் மத்தியானம் பிழை எதுவும் வரவில்லை. ஒரு வரியும் மாற்றாத அசல் மாடல், என் லேப்டாப்பிலேயே கம்பைல் ஆகிவிட்டது. முதலில் அசலை அப்படியே செய்து பார்த்து, அது ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரிந்துகொண்டுதான் கைவைக்க வேண்டும். அது முறை. மாடலோடு வந்த மாதிரிக் கணக்கைக் கொடுத்தேன். விடை சரியாக வந்தது. கம்பைலர் செய்து தந்த அந்தப் புரோகிராமைச் சேமிக்க ஒரு பெயர் கேட்டது.

labam என்று அடித்தேன்.

யோசித்து அடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மூட்டையை எண்ணினாலும் மரக்காலால் அளந்தாலும் ஒன்று என்று தொடங்குவதில்லை. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். பிறந்த வீட்டுக் களத்திலும் அப்படித்தான், வாக்கப்பட்ட வீட்டுக் கிட்டங்கியிலும் அப்படித்தான். நான் இட்லித் தட்டில் மாவு ஊற்றும்போதும் அப்படித்தான் எண்ணுகிறேன். அதனால் முதலில் வந்தது லாபம். அடுத்து வந்தவற்றுக்கு 02, 03 என்று பெயர் வைத்தேன். வெறும் 2 என்று வைத்தால் கம்ப்யூட்டர் வரிசைப்படுத்தும்போது 10 வந்து 2-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். அதற்காகத்தான் முன்னால் ஒரு பூஜ்யம். அவ்வளவு முன்ஜாக்கிரதையாக இருந்தேன் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

மூன்று வருஷத்து மழையையும் ஓட்டி முடிக்க மாடலுக்கு மூன்று மணி நேரம் ஆகும். நான் கல்லூரிக்குப் போயிருக்கும்போது அதுவாகவே ஓடட்டும் என்று ஒரு சின்னக் கட்டளைக் கோப்பு எழுதினேன். தினமும் காலை பதினோரு மணிக்கு அது எழுந்திருக்கும். நான் செய்து வைத்திருக்கும் புரோகிராம்களை வரிசையாக அடுக்கி, கடைசியில் இருப்பதை எடுத்து ஓட்டும். விடையை ஒரு ஃபைலில் எழுதிவிட்டு, திரையில் 'முடிந்தது' என்று போடும். கடைசியில் இருப்பதுதானே புதியது. நாலே வரி. எனக்கே அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

02-இல் வெடிப்பை வைத்தேன். ஒரு முழ ஆழம். சாயங்காலம் வந்து விடையைப் பார்த்தால், முதல் மழைக்கு டிரம் நிரம்பி வழிகிறது. அசல் சொன்ன அதே எண். புள்ளிக்குப் பிறகு ஆறாவது இலக்கம் வரை அதே எண்.

03-இல் ஆழத்தைக் கூட்டினேன். அதே எண். 04-இல் அகலத்தைக் கூட்டினேன். 06-இல் வெடிப்பு ஆளை விழுங்கும் ஆழத்துக்குப் போய்விட்டது. மாடல் அசரவில்லை. 09-இல், வெடிப்பு பற்றிய வரிகளுக்குள் கணக்கு நுழையும்போதெல்லாம் 'வந்துவிட்டேன்' என்று திரையில் எழுதச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். வரவே இல்லை. சரி, மண் போதுமான அளவுக்குக் காயவில்லை என்று மாடல் நினைக்கிறது, அதனால்தான் வெடிப்புக்குள் நுழையவில்லை என்று நானாக முடிவு செய்து, ஒரு வாரம் மண்ணைக் காயவைத்தேன். 12-இல் அந்த மண்ணில் செங்கல்லே சுட்டிருக்கலாம். விடை மாறவில்லை.

இவ்வளவுக்கும், தினமும் கம்பைல் சரியாகத்தான் ஆனது. ஒரு பிழை, ஒரு எச்சரிக்கை கிடையாது. நானூறு பிழை வந்த நாட்களில் எனக்கு நம்பிக்கை இருந்தது. பிழையே வராத இந்த நாட்களில்தான் பயம் வந்தது. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே, ஜூனில் இந்தப் பிள்ளைகளுக்கு வேறு யாராவது நடத்துவார்கள் என்று ஓடும்.

"என்னட்டி, ஓடுதா?" என்று வீட்டுக்காரர் தினமும் கேட்பார்.

"ஓடுது."

"அப்ப ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"ஓடுததுதான் பிரச்சினை" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. வியாபாரிக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

பதினேழாவதும் அதே எண்ணைச் சொன்ன அன்று என் நெறியாளரைக் கூப்பிட்டேன். வெளியூர்க்காரர், ஓய்வுபெறப் போகிறவர், நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் சொல்வதை எதிர்த்துப் பேசுவது கஷ்டம்.

"ஏம்மா, பதினேழு தடவை மாத்திப் பார்த்தும் மாறலைன்னா, வெடிப்பு ஒரு பெரிய விஷயம் இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றார்.

"சார், முதல் மழைக்கு டிரம் காலியா இருந்ததே. மூணு வருஷமும்."

"டிரம் ஒழுகுதோ என்னமோ. பார்த்தியா?"

பார்க்கவில்லை. ஒப்புக்கொண்டேன்.

"பார்த்துடு. ஒழுகினா அந்த அளவையெல்லாம் எடுத்துடலாம். வெடிப்பு அத்தியாயத்தையும் எடுத்துடு. அசல் மாடலை வச்சு இருக்கிறதை எழுதிக் கொடுத்துடு. பட்டம் வாங்குற வழியைப் பார்ப்போம்."

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையிலேயே குருவிகுளம் பஸ் ஏறினேன். அண்ணன் மோட்டார் பைக்கில் வந்து வயலுக்குக் கூட்டிப் போனான். பங்குனி வெயிலில் நிலம் முழுக்க வெடித்துக் கிடந்தது. புதைத்த டிரம்மைச் சுற்றித் தோண்டி வெளியே எடுத்தோம். தெருக்குழாயில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை அண்ணன் பைக்கில் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினான். பிறகு வேப்ப மர நிழலில் உட்கார்ந்து இருவரும் டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏட்டி, இது ஒழுகுதான்னு பாக்கவா சங்கரன்கோயில்ல இருந்து வந்த?" என்றான்.

"ஆமா."

"போன்ல சொன்னா நானே பாத்துச் சொல்லிருப்பேம்லா."

"நீ சொன்னா எங்க சார் ஒத்துக்கிட மாட்டாரு."

இரண்டு மணி நேரம் ஆனது. தண்ணீர் ஒரு நூல் கூட இறங்கவில்லை. இறங்கியிருக்கிறதா என்று அளக்க நான் கொண்டுபோயிருந்த இரும்பு ஸ்கேல், டிரம்மின் விளிம்பிலிருந்து நழுவி ஒரு வெடிப்புக்குள் விழுந்தது. உள்ளே எங்கோ கல்லில் பட்டு ஒரு சத்தம் கேட்டது. அதற்கும் கீழே போய் இன்னொரு சத்தம் கேட்டது. குப்புறப் படுத்து முழங்கை வரை கையை விட்டேன். தோள் வரை விட்டேன். அடியில் மண் குளிர்ச்சியாக இருந்தது. ஸ்கேல் அகப்படவில்லை.

"விடு, ஐப்பசியில மண்ணு மூடுதப்போ அதுவும் உள்ளயே இருந்துக்கிடும்" என்றான் அண்ணன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நெறியாளருக்கு போனிலேயே கடிதம் எழுதினேன். டிரம் ஒழுகவில்லை. ஆனாலும் தாங்கள் சொன்னது சரியே. மாடலின்படி வெடிப்புகளுக்கு முக்கியத்துவம் இல்லை. அந்த அத்தியாயத்தை நீக்கிவிடுகிறேன். அனுப்பிவிட்டேன். முழங்கையில் கரிசல் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. தோள் வரை வெடிப்புக்குள் கையை விட்டுவிட்டு வந்து, வெடிப்பு ஒரு பொருட்டல்ல என்று எழுதிக் கொடுத்தவள் நான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும். அன்று பஸ்ஸில் எரிச்சல் எதுவும் வரவில்லை. அசதிதான் இருந்தது. ஊர் வருவதற்குள் சாரிடமிருந்து பதில் வந்துவிட்டது. இல்லை என்று தெரிவதும் ஒரு முடிவுதான், கவலைப்படாதே என்று எழுதியிருந்தார்.

எரிச்சல் வீட்டுக்கு வந்த பிறகு வந்தது. லேப்டாப்பைத் திறந்து, 17-ஐ அழித்தேன். 16-ஐ அழித்தேன். ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் அழித்திருக்கலாம். ஒவ்வொன்றாக அழிப்பதில் ஒரு திருப்தி இருந்தது. 02 வரை போய்விட்டது. மிச்சம் labam. அதன் மேல் கை போனது, அழுத்தவில்லை. அதற்கு அறிவியல் காரணம் ஒன்றும் கிடையாது. முதல் அளவையைத் தூக்கிக் கொட்டுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை, அவ்வளவுதான். இருக்கட்டும் என்று லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டுச் சோறு பொங்கப் போனேன். எழுதிய வரிகள் வேறொரு இடத்தில் இருந்தன. அவற்றையும் தேடிப்போய் அழிக்கிற அளவுக்குக் கோபம் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கறிக்குழம்பு வைத்து, சாப்பிட்டு முடித்து, பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு இரண்டு மணி வாக்கில் லேப்டாப் பக்கம் வந்தேன். திரையில் 'முடிந்தது' என்று இருந்தது.

தினமும் பதினோரு மணிக்கு ஓடும் கட்டளையை நிறுத்த மறந்திருக்கிறேன். சரி என்று திரையை மூடப் போனேன். கை நின்றுவிட்டது. நேற்று எல்லாவற்றையும் அழித்துவிட்டேனே, இன்று இது எதை ஓட்டி முடித்தது?

விடையைத் திறந்தேன். இன்றைய தேதி. அதே எண். ஆறாவது இலக்கம் வரை அதே.

புரோகிராம்கள் இருந்த இடத்தைத் திறந்தேன். labam மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. பிறகு என் பெருமைக்குரிய நாலு வரியைத் திறந்து படித்தேன். வரிசையாக அடுக்கு, கடைசியில் இருப்பதை எடு. கம்ப்யூட்டர் அடுக்கும்போது எண்கள் முன்னால் வரும், எழுத்துகள் பின்னால் வரும். 02, 03, 04, அப்படியே 17. அதற்கும் கீழே, எல்லோருக்கும் கடைசியாக, labam. 02 பிறந்த அன்றும் கடைசி அதுதான். 17 பிறந்த அன்றும் கடைசி அதுதான். நான் மூன்று வாரமாக வெடிப்பை ஆழமாக்கி, அகலமாக்கி, மண்ணைக் காயவைத்ததெல்லாம் ஒரு தடவை கூட ஓடவே இல்லை. வெடிப்பே இல்லாத அசலைத்தான் தினமும் மூன்று மணி நேரம் ஓட்டி, தினமும் அதே விடையை வாங்கி, தினமும் அதிர்ச்சி அடைந்திருக்கிறேன்.

அழுகை வந்தது. சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம் என்று தெரிந்தேதான் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிப் போனேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

கடையில் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் கிட்டங்கி வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"லாபம். ரெண்டு. மூணு."

"முத மூட்டைய ஏன் ஒண்ணுன்னு எண்ண மாட்டேங்கிய?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். சுமை தூக்கும் அண்ணாச்சியும் மூட்டையோடு நின்று பார்த்தார்.

"ஒண்ணுன்னு சொன்னா ஒண்ணோட நின்னுரும். லாபம்னா பெருகும். இது கூடத் தெரியாதா? உங்க வீட்டுக் களத்துல வேற எப்படி எண்ணுவாவ?"

"இப்படித்தான்."

"பின்ன என்னத்துக்குக் கேக்க? எண்ணிக்கை விட்டுப்போச்சு பாரு" என்றவர், அண்ணாச்சியிடம் "முதல்லருந்து வாங்க" என்றார். மறுபடியும் லாபம் என்று தொடங்கினார். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமல் மாடிக்கு வந்துவிட்டேன்.

நெறியாளரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. போன் செய்தேன். அத்தியாயத்தை நீக்க வேண்டாம் சார் என்று தொடங்கி, முழுவதையும் சொன்னேன்.

"என்ன பேர் வச்சேன்னு சொன்னே?"

"லாபம், சார்."

"எதுக்கு?"

விளக்கினேன். அவர் ஊரில் இந்த வழக்கம் இல்லையாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்றார்.

"ஒம்பது நாள், சார்."

"முடியுமா?"

"தெரியல. ஆனா டிரம் ஒழுகல சார்" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"சரி. இனிமே ஒண்ணுலேருந்து நம்பர் போடு. எந்த புரோகிராம் ஓடுதுன்னு விடையிலேயே பேர் எழுதச் சொல்லு. அப்புறம், இதை நான் வகுப்பில சொல்லலாமா?"

"சொல்லுங்க சார். என் பேரை மட்டும் சொல்லாதீங்க."

அழித்ததை எல்லாம் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. முன்னால் எழுதியிருந்த வரிகளை எடுத்துத் திரும்ப கம்பைல் செய்தேன். பெயர் கேட்டது. 01 என்று அடிக்க வேண்டும். 0 அடித்தேன். 1 அடித்தேன். சகுனத் தடை போல இருந்தது. அப்படியே வைத்துவிட்டு ஓட்டினேன்.

அந்த மூன்று மணி நேரமும் லேப்டாப் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். 'வந்துவிட்டேன்' என்று திரையில் வரிசையாக விழத் தொடங்கியது. நூற்றுக்கணக்கில் விழுந்தது. விடை வந்தபோது, முதல் மழைக்கு டிரம் காலி.

இதோடு கதை முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. இரண்டாவது மழைக்கும் டிரம் காலி, மூன்றாவதற்கும் காலி, கார்த்திகை முழுக்கக் காலி. நிஜத்தில் ஐந்தாவது மழைக்கு டிரம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. பார்த்தால், வெடிப்பு மூடுவதற்கு நான் எங்கேயும் வரி எழுதவில்லை. திறப்பதே தெரியாதபோது மூடுவதைப் பற்றி யார் யோசித்தார்கள்? மண் ஊற ஊற வெடிப்பு எப்படி மூடும் என்பதை எழுத மூன்று நாள். அதில் ஒரு கழித்தல் குறி கூட்டல் குறியாக இருந்ததைக் கண்டுபிடிக்க ஒரு நாள். அந்த ஒரு நாள் முழுவதும் மழை பெய்யப் பெய்ய என் மண் மேலும் வெடித்துக்கொண்டே போனது. பராமரிப்புக்காகக் காலை முதல் சாயங்காலம் வரை கரண்ட் இல்லாத நாள் ஒன்று நடுவில் வந்தது. அன்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கல்லூரி ஆய்வகத்துக்குப் போய், அங்கேயும் அதே கரண்ட்தான் என்பதை அங்கே போய்த் தெரிந்துகொண்டேன்.

ஏழாம் நாள், எட்டாவது புரோகிராம். முதல் மழைக்குக் காலி. இரண்டாவதுக்குக் காலி. மூன்றாவதுக்கு அடியில் கொஞ்சம். ஐந்தாவதுக்குப் பாதிக்கு மேல். நோட்டில் நான் பேனாவால் எழுதி வைத்திருந்த எண்ணும் திரையில் வந்த எண்ணும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி இருந்தன. நடு வருஷத்து ஒரு மழைக்கு மட்டும் கடைசி வரை சேரவில்லை. சேரவில்லை என்றே எழுதிவிட்டேன். அண்ணனுக்கு போன் செய்து சொன்னேன்.

"முத மழைக்குத் தண்ணி ஓடாதுன்னு கம்ப்யூட்டர் சொல்லிட்டா?" என்றான்.

"சொல்லிட்டு."

"நல்லதாப் போச்சு" என்றான். கிண்டல் செய்கிறானா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

எட்டாம் நாள் அத்தியாயத்தை எழுதி, அச்சுக்குக் கொடுத்து, பைண்டு பண்ணி வாங்கினேன். ஒன்பதாம் நாள் காலை திருநெல்வேலி பஸ். ஐந்து பிரதிகளும் மடியில் கனத்தன. பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு வாங்கும் ஜன்னலில் ஒரு அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். நீட்டிப்புக் கடிதத்தை வாங்கித் தேதியைப் பார்த்தார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கடைசி நாள்லதான் எல்லாருக்கும் வழி தெரியுது" என்றார்.

பிரதிகளை ஜன்னலுக்குள் தள்ளினேன். பதில் சொன்னால் ஆறு வாரத்தையும் சொல்ல வேண்டும். அவர் பிரதிகளைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றாக எடுத்து இடப்பக்கம் அடுக்கினார்.

"லாபம். ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நாற்பத்தொரு வருஷமாக இப்படித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறேன், இப்படித்தான் எண்ணியும் இருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த எண்ணிக்கையில் சந்தேகம் வந்தது. லாபத்தைக் கணக்கில் விட்டுவிட்டு இவர் நாலு என்று எழுதிவிடுவாரோ, ஒரு பிரதி குறைகிறது, போய்க் கொண்டுவா என்று அனுப்பிவிடுவாரோ, இன்றோடு நாள் முடிகிறதே என்று ஓடியது.

"எத்தனை இருக்கு, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இப்பத்தானம்மா எண்ணுனேன்."

"ஆமா. எத்தனைன்னு எழுதியிருக்கிய?"

ரசீதைக் கிழித்து நீட்டினார். வாங்கி அங்கேயே நின்று படித்தேன். ஐந்து என்று எண்ணிலும் எழுத்திலும் போட்டிருந்தார்.